துண்டு போட்ட நாற்காலி

சொந்த வீட்டு விசேஷத்தில் சாப்பாடு கிடைக்காதவர்கள் உண்டு. சொந்தப் பதவியில் உட்கார நாற்காலி கிடைக்காத ஒரே பிறவி நான்தான் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். அப்புறம் மற்ற பெண் கவுன்சிலர்கள் சிலரிடம் பேசிப் பார்த்தேன். அந்தப் பெருமையும் போயிற்று.

சைதாப்பேட்டையில் எங்கள் வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கியபோது என் வீட்டுக்காரருக்குச் சோறே இறங்கவில்லை. போஸ்டர் ஒட்டியே தலை நரைத்த கட்சிக்காரர். பிறகு ஒரு நாள் சாம்பார் சாதத்தைப் பிசைந்துகொண்டே நிமிர்ந்தார்: "சொம்மா உன் பேர்ல நிக்கலாம். மத்தத நான் பாத்துக்கறேன்." நின்றேன். ஜெயித்தேன். மற்றதை அவர் பார்த்துக்கொண்டார். (மற்றது என்றால் எல்லாமும் என்று அப்போது இந்த மண்டைக்கு ஏறவில்லை.)

எனக்கென்று ஒரே ஓர் ஆசை இருந்தது. ஓட்டுக் கேட்கப் போனபோது மார்க்கெட்டில் மீன் விற்கும் கஸ்தூரியக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இத பார் கண்ணு, காலைலேர்ந்து இங்கயே குந்திகினு கீறோம். பொம்பளைங்களுக்கு ஒரு கக்கூஸ் கெடையாது. அதுக்குப் பயந்துகினு தண்ணியே குடிக்கறதில்ல. நீயாச்சும் கட்டிக் குடு."

கட்டித் தருகிறேன் என்று அவள் கையில் அடித்துச் சத்தியம் செய்தேன்.

மார்க்கெட் பக்கத்தில் பூங்கா திறப்பு விழா வந்தது. நிதி ஒதுக்கும் பெரிய அதிகாரி வருகிறார். மேடையில் ஊர் முன்னால் கேட்டுவிட்டால் அவரால் தட்டிக்கழிக்க முடியாது என்று கணக்குப் போட்டேன். பேச வேண்டியதை மிக்ஸிக்கு முன்னால் நின்று மனப்பாடம் செய்தேன். (வீட்டில் குறுக்கே பேசாதது அது ஒன்றுதான், சுவிட்சைப் போடாத வரை.)

பட்டுப்புடவை சரசரக்கச் சீக்கிரமே போய், வெள்ளை டர்க்கி டவல் விரித்திருந்த மேடை நாற்காலியில் உட்கார்ந்தேன். பேட்ஜ் குத்திய கட்சிக்காரர் ஒருவர் ஓடி வந்தார்.

"இது கவுன்சிலர் சேரு. கொஞ்சம் எந்திரிச்சுக்கோங்க."

"நான்தானேங்க..." என்று இழுத்தேன்.

"தெரியும் அண்ணி! அண்ணன் வந்துகினே கீறாரு."

இங்கேதான் என் வீரத்தைக் கேட்க வேண்டும். எழுந்துவிட்டேன்! மன்னிப்பு வேறு கேட்டேன். கையில் ஆரத்தித் தட்டைத் திணித்தார்கள்; வாங்கிக்கொண்டேன். அதிகாரியோடு கவுன்சிலராக வந்து இறங்கிய என் புருஷனுக்கு, கவுன்சிலராகிய நானே ஆரத்தி சுற்றினேன். கூட்டத்தில் எவளோ ஒருத்திக்குப் போடுகிற மாதிரி எனக்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார், பாவி மனுஷன்.

"இப்போது நமது கவுன்சிலர் அண்ணன் பேசுவார்" என்று அறிவித்தார்கள். டவல் நாற்காலியிலிருந்து எழுந்து, வார்டின் தலையாய குறையை எடுத்துச் சொன்னார்: மார்க்கெட் வாசலில் ஓர் அலங்கார வளைவு இல்லையாம். அதிகாரி அங்கேயே சரி என்றார். ஒரே கைதட்டல்.

தட்டைப் பக்கத்தில் நின்றவளிடம் தள்ளிவிட்டு, மேடையேறி மைக்கைப் பிடித்தேன். வாயைத் திறந்தேன். தேசிய கீதத்தைப் போட்டுவிட்டார்கள். மைக்கும் கையுமாக, திறந்த வாயை மூடிக்கொண்டு விறைப்பாக நின்றேன். முடிந்ததும் கூட்டம் கேசரிப் பொட்டலத்துக்கு ஓடியது. "எங்கள் வார்டுப் பெண்களுக்கு..." என்று காலி நாற்காலிகளிடம் தொடங்கினேன். மைக்செட்காரர் ஒயரைச் சுற்றிக்கொண்டே வந்தார்.

"மைக்கக் குடுக்கா. வேற ஃபங்சன் கீது."

பூங்காவுக்குப் பின்னால் போய் அழுதேன். அந்த வருட நிதி வளைவுக்குப் போயிற்று. அடுத்த வருடம் வளைவுக்குக் கலர் விளக்கு. எழுதிக் கொடுத்தேன், வீட்டில் சண்டை போட்டேன், சமைக்காமல்கூட இருந்து பார்த்தேன். "இரு, பாத்துக்கலாம்" என்றார் வீட்டுக்காரர். பதவிக்காலம் முடியும் வரை பார்த்துக்கொண்டே இருந்தார். வளைவில் அவர் பெயர் யானை அளவு. கீழே பல்லி அளவில் நான்.

இன்றும் எங்கள் வீட்டில் சோபாவிலிருந்து யாரைக் கிளப்ப வேண்டுமானாலும், "கவுன்சிலர் சேரு, எந்திரி!" தான். மகள் ஆரம்பிப்பாள், வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரிப்பார். நானும் சிரிக்கிறேன், வேறென்ன செய்ய? ஜோக் மார்க்கெட் வரை போய்விட்டது. போன வாரம் மீன் வாங்கப் போனபோது கஸ்தூரியக்கா தன் ஸ்டூலை விட்டு எழுந்தாள்.

"ஒக்காரு கவுன்சிலரே! இந்த சேர ஒருத்தனும் கேக்க மாட்டான்."

உட்கார்ந்தேன். உச்சி வெயில் மண்டையைப் பிளந்தது. பையிலிருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்து அவளிடம் நீட்டினேன்.

"வேணாம் கண்ணு" என்றாள். "சாயங்காலமா வூட்டாண்ட போயி குடிச்சிக்கறேன்."