மருமகள் சைக்கிளின் ஒல்லி வால்வு

எங்கள் வீட்டில் யாராவது 'வேண்டாம்' என்றால் அது மறுப்பல்ல, ஓர் அளவு. காபிக்கு ஒரு முறை 'வேண்டாம்' என்றால் அரை டம்ளர். இரண்டு முறை என்றால் முக்கால் டம்ளர். சாப்பாட்டில் இலைக்குக் குறுக்கே கையை நீட்டி மறித்தால் ஒருவேளை உண்மையிலேயே வேண்டாம் போலிருக்கிறது என்று யோசிப்போம். அப்போதும் விரல் இடுக்கில் ஒரு கரண்டி ரசத்தை விட்டுவிடுவாள் என் மனைவி சரோஜா. அப்படிப்பட்ட வீட்டுக்காரனிடம், மூன்று வருடங்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை காலையில், மருமகள் நந்தினி மூன்று முறை 'வேண்டாம் மாமா' என்றாள். விஷயம், அவளுடைய சைக்கிள்.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கல்பாக்கம் பக்கம் ஓர் அலுவலகத்தில் ஸ்டோர்ஸ் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். காலமெல்லாம் போல்ட், நட்டு, வாஷர் என்று எண்ணியதில், எதைப் பார்த்தாலும் எண்ணும் வியாதி வந்துவிட்டது. (கல்யாண வீட்டில் சீர் முறுக்கை எண்ணப்போய் சம்பந்தியிடம் கெட்ட பெயர் வாங்கியது தனிக் கதை.) எண்ணிக்கை குறைந்தால் கவலைப்படுவேன். சரியாக இருந்தால், எப்படிச் சரியாக இருக்கிறது என்று கவலைப்படுவேன்.

நந்தினி கம்ப்யூட்டர் வேலைக்காரி. அவளிடம் இருந்தது மவுன்டன் பைக் என்கிற தடித்த டயர் சைக்கிள். எங்கள் பக்கத்தில் மலை என்று சொல்லத்தக்கது திருக்கழுக்குன்றம். அதற்கும் படிக்கட்டு இருக்கிறது. பிறகு எதற்கு இந்தச் சைக்கிள் என்று கேட்டேன். ஏரிக்கரையிலும் மண் ரோட்டிலும் ஓட்ட என்றாள்.

மறுநாள் ஞாயிறு, எங்கள் ஊர் மாமல்லபுரத்தில் கிளம்பி சிங்கப்பெருமாள் கோயில் வரை உள்வழியாகப் போய்த் திரும்பும் சைக்கிள் பந்தயம் ஒன்று. அணிக்கு நாலு பேர். நாலு பேரும் திரும்பினால்தான் கணக்கு. ஒருத்தர் நின்றாலும் மற்ற மூவர் ஓட்டியது வீண். அவள் அலுவலக அணியில் ஒருத்திக்குக் கை முறிந்து, கடைசி நேரத்தில் நந்தினியைச் சேர்த்திருந்தார்கள். புதிதாகக் கல்யாணமானவள், வீட்டில் விடுவார்களா என்று அவர்களுக்குச் சந்தேகம். அவள் போனில் பதில் சொன்னது என் காதில் விழுந்தது: "கண்டிப்பா வருவேன்ப்பா. எங்க மாமா அந்த மாதிரி ஆள் இல்ல."

இதைக் கேட்ட பிறகு ஒரு மனிதன் சும்மா இருப்பானா?

அந்த வழி நெடுக வேலிக்காத்தான் முள். அதற்காக அவள் ஒரு பாட்டில் வாங்கி வைத்திருந்தாள். உள்ளே பசும்பால் போல ஒரு வெள்ளைத் திரவம். மூடியைத் திறந்தால் மூக்கில் குத்தும் நெடி. சீலன்ட் என்று பெயர். டியூபுக்குள் ஊற்றி வைத்தால், முள் குத்திய இடத்துக்கு அதுவே ஓடி வந்து அடைத்துக்கொள்ளுமாம். எப்படி ஓடி வரும்? இங்கேதான் ஓட்டை என்று அதற்கு யார் சொல்வார்கள்? ஓட்டையை அடைப்பது வால்வை ஏன் அடைக்காது? நான் கேட்கக் கேட்க அவளும் பொறுமையாகச் சொன்னாள். சாயங்காலம் வந்து ஊற்றிக்கொள்வதாகவும் சொன்னாள். நான் ஊற்றி வைக்கிறேன் என்றேன். 'வேண்டாம் மாமா.' சும்மாதானே இருக்கிறேன் என்றேன். 'வேண்டாம் மாமா, நானே பாத்துக்கிறேன்.' இன்னொரு முறை கேட்டேன். இன்னொரு முறை சொன்னாள். முழு டம்ளர் என்று எடுத்துக்கொண்டேன்.

மாமியாரும் மருமகளும் செங்கல்பட்டில் ஒரு வளைகாப்புக்குக் கிளம்பினார்கள். மகன் ஷிப்டுக்குப் போயிருந்தான். வெளியே கடற்காற்றில் மண் பறந்ததால் சைக்கிளை ஹாலுக்குள் கொண்டுவந்து, மின்விசிறியைப் போட்டுக்கொண்டு, தலைகீழாக நிறுத்தினேன்.

முன்சக்கரத்தில் இருந்தது குண்டு வால்வு. ஸ்கூட்டரில் இருக்குமே, அதேதான். அதன் நடுவில் இருக்கும் பின்னைத் திருகிக் கழற்றும் குட்டிச் சாவி என்னிடமே இருந்தது. காற்றை இறக்கினேன், பின்னைக் கழற்றினேன், பாட்டிலின் குழாயைச் செருகிப் பிதுக்கினேன், பின்னை மாட்டிக் காற்றடித்துச் சக்கரத்தைச் சுற்றிவிட்டேன். கோயில் குருக்கள்கூட இவ்வளவு பக்குவமாகப் பாலாபிஷேகம் செய்திருக்க மாட்டார்.

அதோடு எழுந்திருக்கலாம். ஆனால் அது உண்மையில் அடைக்கிறதா என்று தெரிய வேண்டாமா? வேலியிலிருந்து ஒரு முள்ளை ஒடித்துவந்து டயரில் குத்திப் பிடுங்கினேன். உஸ் என்றது. ஒரு வெள்ளைக் குமிழி கிளம்பியது. சக்கரத்தைச் சுற்றினேன், சத்தம் நின்றுவிட்டது. இப்படியொரு அதிசயத்தை நான் பார்த்ததில்லை. ஒரு தடவை என்பது தற்செயலாக இருக்கலாம் என்று இன்னொரு முள். மொத்தம் பதினோரு முள் குத்தினேன். பதினொன்றும் அடைத்துக்கொண்டன.

அந்தக் கர்வத்தோடுதான் பின்சக்கரத்துக்கு வந்தேன். சைக்கிள் கைமாறி வந்தது. பழைய சொந்தக்காரர் பின்சக்கரத்தை மாற்றியிருந்தார். அதில் இருந்தது வேறு ஜாதி வால்வு. பென்சில் போல ஒல்லி, உச்சியில் கடுகு போல ஒரு நட்டு. என் சாவி அதற்குள் நுழையவில்லை. நட்டைத் தளர்த்தி அழுத்தினால் காற்று வந்தது. சரி, இதைக் கழற்ற எங்கே பிடிப்பது? சாவி பிடிக்க ஒரு பட்டைகூட இல்லாமல் உடம்பு முழுக்க வழவழவென்று இருந்தது. அது கழற்றக்கூடிய வால்வே அல்ல என்று ஒரு நிமிடம் தோன்றத்தான் செய்தது. (அந்த நிமிடத்தை நான் மதித்திருக்கலாம்.) ஆனால் போதிய பலம் கொடுக்கவில்லை என்று முடிவுசெய்து, கட்டிங் பிளேயரை எடுத்து முறுக்கினேன். டிக் என்றது. கையில் அரை வால்வு வந்தது.

மீதி அரையில் பாட்டில் குழாயைச் செருகி அழுத்தினேன். போகவில்லை. இரண்டு கையாலும் அழுத்தினேன். போகவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுத்தியதில் குழாய் பிடுங்கிக்கொண்டது. பால் நேராக மேலே போய் மின்விசிறியில் பட்டது. மின்விசிறி அதை ஹாலின் நாலு பக்கத்துக்கும் பாரபட்சமில்லாமல் பங்கிட்டது. டிவி, சோபா, மகனின் கல்யாணப் போட்டோ, என் மூக்குக் கண்ணாடி. துடைக்கத் துடைக்க அது ரப்பராகி இழுத்தது. ஓட்டை இல்லாத இடத்திலும் அது ஒட்டும் என்று அன்று தெரிந்துகொண்டேன்.

திரும்பி வந்தவர்கள் வாசற்படியிலேயே நின்றார்கள். சரோஜாவுக்குப் படாளம் சொந்த ஊர். கோபம் வந்தால்தான் அந்தப் பேச்சு வெளியே வரும்.

"இன்னாய்யா பண்ணிகினு கீற? வூட்டுக்கு வெள்ளையடிக்கறதுன்னா ஆள வச்சி அடிக்கக் கூடாதா?"

நந்தினி நேராகச் சைக்கிளிடம் போனாள். சக்கரத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கீழே உட்கார்ந்தாள்.

"ஒல்லி வால்வுல ரெண்டு வகை இருக்கு மாமா. கழட்டறது ஒண்ணு, கழட்ட முடியாதது ஒண்ணு. இது கழட்ட முடியாதது. பின்னாடிக்கு நான் ஊத்தறதாவே இல்ல."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் குரல் உள்ளே போய்விட்டது. இனி டியூபையே மாற்ற வேண்டும். எங்கள் பக்கத்துக் கடைகளில் கிடைப்பது குண்டு வால்வு டியூப்தான். அவளிடம் உபரியாக இருந்ததும் அதுதான். ரிம்மில் இருந்த துளையோ ஒல்லி வால்வுக்கான துளை. குண்டு வால்வு அதன் வாசலில் நின்றதே தவிர உள்ளே போகவில்லை. கூட ஓட்டுகிறவர்களின் டியூபெல்லாம் வேறு அளவு. சென்னைக்குப் போய்ச் சேர்வதற்குள் கடை மூடிவிடும். அரம் வைத்து ராவிப் பார்க்கலாமே என்று நான் எழுந்தேன். சரோஜா என்னைப் பார்த்த பார்வையில் மறுபடி உட்கார்ந்தேன்.

துளையைப் பெரிதாக்க டிரில்லிங் மெஷின் வேண்டும் என்றாள் நந்தினி. பிறகு அவளே, நாள் முழுக்க டிரில் சத்தம் கேட்கிற இடம் மாமல்லபுரத்தில் எது என்று யோசித்து எழுந்தாள். அவள் ஸ்கூட்டர் ஓட்ட, நான் பின்னால் உபரி டியூபும் பாட்டிலும் உள்ள பையோடு சக்கரத்தைக் குழந்தை போல அணைத்துக்கொண்டு உட்கார, கல் சிற்பப் பட்டறை ஒன்றில் போய் இறங்கினோம்.

பட்டறைக்காரர் தலை முதல் கால் வரை கல்மாவு. என் மேலும் வெள்ளைப் புள்ளிகள் இருந்ததால் என்னையும் அந்தத் தொழில் என்று நினைத்திருப்பார். விஷயத்தைக் கேட்டதும் அவருக்கு ரோஷம் வந்துவிட்டது.

"பத்தடி நந்திய செதுக்கிகினு கீறேன். என்னாண்ட சைக்கிள் ரிம்ம எத்துகினு வந்துகீறியேம்மா?"

"ஒரே ஒரு ஓட்டைண்ணா. நாளைக்குப் போட்டி. நான் போகலன்னா நாலு பேரும் போக முடியாது."

அவர் என்னைப் பார்த்தார். "இந்த வேலைய பண்ணது யாரு, பெருசா?"

நந்தினி என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. ஆனால் இல்லை என்றும் சொல்லவில்லை.

இரும்புக்குப் போடும் டிரில் பிட்டுகளிலிருந்து அவளே ஒன்றைப் பொறுக்கி, குண்டு வால்வோடு வைத்து அளவு பார்த்தாள். ரிம்மை அவள் அமுக்கிப் பிடிக்க, அவர் மெஷினைத் தூக்கினார். பிட்டு அரை விரல் நழுவினாலும் ரிம் கிழியும். அத்தோடு பந்தயம் போயிற்று. நான் குனிந்தேன். கோணம் சரியா என்றேன். கொஞ்சம் இடதுபக்கம் என்றேன். அவர் மெஷினை இறக்கிவிட்டார். மறுபடி தூக்கினார். நான் மறுபடி குனிந்தேன்.

நந்தினி தலையைத் தூக்காமல் சொன்னாள்: "மாமா, அந்தப் பக்கம் யானையா வச்சிருக்காங்க பாருங்க. மொத்தம் எத்தனன்னு எண்ணிட்டு வரீங்களா?"

போனேன். (வேறென்ன செய்வது? யானைகள் நிஜமாகவே நிறைய இருந்தன.) முப்பத்தொன்று. அதில் நாலுக்கு இன்னும் தும்பிக்கை வரவில்லை. அவற்றைச் சேர்ப்பதா வேண்டாமா என்று குழம்பி, மறுபடி முதலிலிருந்து எண்ணினேன். திரும்பி வந்தபோது ரிம்மில் துளை வட்டமாக இருந்தது. பட்டறைக்காரர் அதன் விளிம்பைத் தேய்த்து, நந்தியின் கண்ணை ஊதுவது போல் ஊதிக்கொண்டிருந்தார். குண்டு வால்வு உள்ளே போய் உட்கார்ந்தது. பாட்டிலின் அடியில் மிஞ்சியதை நந்தினி அதன் வழியாக ஊற்றினாள். சாவியை மட்டும் நான் கொடுத்தேன்.

ஞாயிறு மதியம் நாலு சைக்கிளும் ஒன்றாகத் திரும்பின. கடைசி இடம். ஆனால் நாலு பேர். நந்தினி பைக்குள்ளிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து என்னிடம் கொடுத்தாள். டயரிலிருந்து பிடுங்கிய முட்கள். "எண்ணிக்கோங்க மாமா" என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போனாள்.

அன்றிலிருந்து, நான் ஸ்குரூ டிரைவரோடு மிக்சியை நெருங்கினாலோ, குழாயடியில் குனிந்தாலோ, ஏணியைத் தொட்டாலோ, சமையலறையிலிருந்து "மாமா, யானை" என்று ஒரு குரல் வரும். மகன் சொல்லுவான், சரோஜா சொல்லுவாள், கேஸ் அடுப்பு ரிப்பேருக்கு வருகிறவர்கூடப் போன மாதம் சொன்னார். நானும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறேன். பட்டறையில் எனக்கென்று ஒரு கல் இருக்கிறது, உட்கார. தூரத்தில் என் தலையைக் கண்டதும் பட்டறைக்காரர் உளியை நிறுத்திவிட்டுக் கேட்பார்:

"வா அண்ணாத்த, குந்து. இன்னிக்கு வூட்ல இன்னா ரிப்பேரு?"