அறுபது பேருக்கு அப்பா

யாரும் கேட்காததையெல்லாம் அள்ளிக் கொடுக்கிற ஒரு மனிதர், கொடுத்தே ஆக வேண்டியதை மட்டும் கொடுப்பதற்கு ஏன் இவ்வளவு சங்கடப்படுகிறார்? திருத்தங்கலில் அச்சகம் வைத்திருக்கும் காசிராஜன் அண்ணாச்சியைச் சில காலம் கவனித்தவர்களுக்கு இந்தக் கேள்வி வராமல் போகாது. விடை தேடுவதற்கு முன் அவர் எந்த இனத்தைச் சேர்ந்தவர் என்று சொல்லிவிடுகிறேன். அவர் ஒரு குடும்ப முதலாளி.

குடும்பத்தோடு சேர்ந்து தொழில் செய்பவர் என்று நினைத்துவிடாதீர்கள். தொழிலாளர்களையே குடும்பம் என்று அறிவித்துவிட்டவர். விருதுநகரில் தொடங்கிச் சிவகாசி, சாத்தூர் வரை எங்கு ஷட்டரைத் தூக்கிப் பார்த்தாலும் உள்ளே இந்த இனத்தில் ஒருவர் இருப்பார். அடையாளம் கண்டுகொள்வது சுலபம். உள்ளே நுழைந்து, "எத்தனை பேர் வேலை பார்க்காங்க?" என்று கேளுங்கள். காசிராஜன் நெஞ்சில் கை வைத்துச் சொல்வார்:

"இங்க யாரும் வேலைக்காரங்க இல்லங்க. எல்லாரும் நம்ம பிள்ளைக."

வெறும் வாய்ப்பேச்சு என்று எண்ண வேண்டாம். மெஷின் ஓட்டுபவரின் மகள் காதுகுத்துக்கு முதல் ஆளாகப் போய் நிற்பார், பைண்டிங் பிரிவில் ஒருத்தியின் மாமியார் இறந்தால் மாலையோடு போய்ச் சொந்த அக்காவை இழந்தவர் போல அழுவார், ஆடி கடைசி வெள்ளிக்கு எல்லோரையும் வேன் வைத்து இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்குக் கூட்டிப்போய்த் தன் கையாலேயே புளியோதரைப் பொட்டலம் கொடுப்பார், பள்ளிக்கூடம் திறக்கும்போது பிள்ளைகளுக்கு நோட்டும் பேனாவும் வாங்கிக் கொடுத்து ஒவ்வொரு பிள்ளையோடும் நின்று போட்டோ எடுத்துக்கொள்வார். போட்டோ இல்லாமல் அவர் ஒரு ரப்பர் கூடக் கொடுத்ததில்லை.

பணி நியமனக் கடிதம்? அதை மட்டும் கேட்டுவிடக் கூடாது.

கேட்டவர்கள் இருக்கிறார்கள். அப்பனுக்கும் பிள்ளைக்கும் நடுவில் கடுதாசி எதற்கு என்று அவர் திருப்பிக் கேட்டிருக்கிறார். தொழிலாளர் காப்பீடான ஈ.எஸ்.ஐ.யில் பதிந்தால் என்ன என்று கேட்ட பைண்டிங் நசிமாவிடம், நோவு வந்தால் நான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகமாட்டேனா என்று தழுதழுத்தார். சொன்னபடியே அவளுக்குக் காய்ச்சல் வந்தபோது தன் காரில் முன்சீட்டில் உட்கார வைத்துக் கூட்டியும் போனார். முன்சீட்டில் உட்கார்ந்து போய்விட்டு வந்தவள் மறுபடி எந்த வாயால் ஈ.எஸ்.ஐ. கேட்பாள்?

தீபாவளி சீசன் வந்தால் குடும்பத்துக்கு வேறொரு பொருளும் உண்டு என்பது தெரியவரும். பட்டாசுப் பெட்டிக்கான ஆர்டர் குவியும். ஞாயிற்றுக்கிழமை காணாமல் போகும். சட்டப்படி ஓவர்டைம் என்று யாராவது முனகினால், சொந்த வீட்டு வேலைக்குக் கடிகாரம் பார்ப்பீகளா என்பார். பிள்ளைகளின் கடமைகள் அவருக்கு மனப்பாடம். அப்பாவின் கடமைகளை அவ்வப்போது அவரே முடிவு செய்துகொள்வார்.

அவரை வேஷக்காரர் என்று ஒதுக்கிவிட்டால் நமக்கு வேலை முடிந்தது. ஆனால் அவர் கண்ணில் வரும் நீர் நிஜம். சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. உதவி பெற்றவர் கை கூப்புகிறார். உரிமையைப் பெற்றவர் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விடுகிறார். கூப்பிய கைகளைப் பார்த்துப் பழகிவிட்ட ஒருவருக்கு, வெறும் கையெழுத்து எவ்வளவு வறட்சியாக இருக்கும்? அவர் மிச்சம் பிடித்தது பணத்தை மட்டுமல்ல, அந்தக் கும்பிடுகளையும்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

இந்த ஏற்பாடு சுகிர்தாவின் வயிற்றில் ஒரு பிள்ளை வளரும்வரை நன்றாகவே நடந்தது.

சுகிர்தா பெட்டி ஒட்டும் பிரிவில் இருப்பவள். தாயும் தகப்பனும் இல்லை. கணவன் விக்னேஷ்குமார் லாரிக்கு லோடு ஏற்றுகிறவன். லோடு இருந்தால்தான் அவனுக்குக் கூலி. நின்று வேலை செய்யாதே என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவளோ நின்றுதான் ஒட்ட வேண்டும். சம்பளமில்லாமல் வீட்டில் இருந்தால் வாடகைக்கு வழியில்லை. வேலைக்கு வந்தால் பிள்ளைக்கு என்ன ஆகுமோ என்ற பயம். சட்டத்தில் சம்பளத்தோடு ஆறு மாதம் விடுப்பு உண்டு என்று தெரிந்துகொண்டு, கணக்குப் பார்க்கும் ஜெயபாண்டி மூலமாகக் கேட்டுப் பார்த்தாள்.

காசிராஜன் அன்று டீ குடிக்கவில்லை. பிள்ளை சட்டம் பேசிவிட்டதே என்று அவருக்கு மனசு விட்டுப்போயிற்று. மறுநாள் தெளிந்த முகத்தோடு வந்து, தன் பாணியில் ஒரு தீர்வை அறிவித்தார்: அச்சகத்திலேயே சுகிர்தாவுக்கு வளைகாப்பு.

சீசன் நேரத்தில் மெஷின்களை நிறுத்தினார். பட்டுச்சேலை வந்தது, கூடை நிறைய வளையல் வந்தது, தேங்காய்ச் சோறு, புளிச்சோறு, எள்ளுச்சோறு என்று அண்டா அண்டாவாக இறங்கியது. நசிமா முதல் எல்லாப் பெண்களும் வளையல் போட்டார்கள். சடங்கில் தகப்பன் வேண்டுமே என்று யாரோ கேட்டதும் காசிராஜன் துண்டைச் சரிசெய்துகொண்டு முன்னால் வந்தார்.

"அப்பன் ஸ்தானத்துல நான் நிக்கேன்."

போட்டோ எடுக்கப்பட்டது. விடுப்பைப் பற்றி யாரும் மூச்சு விடவில்லை. எள்ளுச்சோறு தின்ற வாயால் எப்படிக் கேட்பது? விஷயம் அத்தோடு முடிந்தது என்று அவர் நினைத்தார். அவருடைய கணக்கில் ஒரு பிழை இருந்தது. அவர் இனத்தார் மட்டுமே செய்யக்கூடிய பிழை. சடங்கில் பாதியைத்தான் அவர் நினைத்துப் பார்த்திருந்தார்.

கை கழுவிவிட்டு வந்த ஆவுடைத்தாய், பெட்டி ஒட்டும் பிரிவில் வாய்க்குப் பூட்டில்லாதவள், சாதாரணமாகக் கேட்டாள்:

"அண்ணாச்சி, காரு எப்ப வரும்?"

"எதுக்குத்தா?"

"வளையல் போட்டாச்சுல்ல. பிள்ளைய அப்பன் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகணுமே."

எல்லோரும் சிரித்தார்கள். காசிராஜனும் பெரிதாகச் சிரித்தார். பிறகு சுகிர்தாவைப் பார்த்தார். அவள் சிரிக்கவில்லை. காலடியில் ஒரு துணிப்பை இருந்தது.

"நீங்கதான நிக்கேன்னு சொன்னீக," என்றாள். "எனக்குப் போறதுக்கு வேற அப்பன் வீடு இல்ல."

சடங்குக்கு வந்திருந்த அவர் மனைவி ஒரு நொடி கணவரையும் ஒரு நொடி அந்தப் பையையும் பார்த்தார். ஊர் முன்னால் வளைகாப்பு நடத்திவிட்டுப் பிள்ளையை விட்டுவிட்டுப் போனால் பேச்சு யார் மேல் விழும் என்பது அவருக்குத் தெரியும். பையை எடுத்துக்கொண்டார். "வாத்தா, போவோம்."

சென்னையில் படிக்கும் மகள் பிரீத்திகாவின் அறையில் சுகிர்தா தங்கினாள். பிரசவத்துக்கு வந்த பிள்ளையை எந்த அப்பன் வேலைக்கு அனுப்புவான்? காலையில் காசிராஜன் அச்சகத்துக்குக் கிளம்பும்போது அவள் நாற்காலியில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருப்பாள். அவர் அவளைப் பார்த்துக்கொண்டே செருப்பை மாட்டிக்கொள்வார். அச்சகத்தில் இன்னும் மோசம். பைண்டிங்கில் முழுகாமல் இருந்த இன்னொரு பெண் அலுவலக வாசலில் வந்து நெளிந்துகொண்டு நின்றாள்.

"அண்ணாச்சி, எனக்கு எந்த மாசம் வளையல் போடுவீக?"

வீட்டில் மிச்சம் இருந்தது பூஜை அறை ஒன்றுதான்.

ஒரு வாரம் போயிற்று. பிறகு ஜெயபாண்டியைக் கூப்பிட்டுச் சுகிர்தாவுக்குச் சட்டப்படி விடுப்பும், எல்லோருக்கும் நியமனக் கடிதமும் தயார் செய்யச் சொன்னார். இடப் பற்றாக்குறையால் வந்த ஞானம் என்று ஆவுடைத்தாய் கேலி செய்தாள். இருக்கலாம். அவரைப் பாராட்ட எனக்கும் அவசரமில்லை. சட்டத்தில் உள்ளதைச் செய்தவரை எதற்காகப் பாராட்டுவது?

இதுவரை சிரித்துக்கொண்டே வந்த உங்களிடம் ஒரு வார்த்தை. உங்கள் வீட்டில் பாத்திரம் துலக்க ஒருவர் வருகிறார், கடையில் ஒருவர் நிற்கிறார், உங்கள் காரை ஒருவர் ஓட்டுகிறார். அவரை யாரிடமாவது அறிமுகப்படுத்தும்போது "நம்ம வீட்டு ஆளு மாதிரி" என்று சொல்லியிருப்பீர்கள், மனதாரவே. அவர் கடைசியாகச் சம்பளப் பிடித்தம் இல்லாமல் லீவு எடுத்தது எப்போது என்று யோசித்துப் பாருங்கள். யோசித்த கையோடு தீபாவளிக்கு அவருக்கு நல்ல துணியாக எடுத்துவிடலாம் என்று தோன்றினால், உங்கள் நெஞ்சிலும் ஒரு கை ஏறிக்கொண்டிருக்கிறது.

கடிதங்கள் கொடுக்கிற நாள் வந்தது. மேளம் இல்லாவிட்டாலும் போட்டோகிராபராவது வருவார் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். நசிமா நல்ல சேலையே கட்டிக்கொண்டு வந்திருந்தாள். யாரும் வரவில்லை. ஜெயபாண்டி ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கடிதத்தைக் கொடுத்தார். அவர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டு மெஷினுக்குத் திரும்பினார்கள். சுகிர்தாவும் தன்னுடையதை வாங்கிக்கொண்டு, கணவனோடு பைக்கில் தன் வீட்டுக்குப் போனாள். தன் கையால் கொடுத்திருந்தால் அறுபது பேரும் ஒருசேரக் கை கூப்பியிருக்கக்கூடிய அந்தக் காலையில், காசிராஜன் ஆனைக்குட்டம் அணைக்கட்டில் தனியாக உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்ததாக அந்தப் பக்கம் போனவர்கள் சொன்னார்கள். ஏன் போனார் என்று அவர் இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை.