ஒரே கைப்பிடி, இரண்டு கதவு

அன்பும் பொறுமையும் ஒருங்கே வாய்த்த மைத்துனர் அவர்களுக்கு,

தங்கள் அக்காவின் கணவன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இவ்விடம் நானும் தங்கள் அக்காவும் ஃப்ரிட்ஜும் சுகம். தங்கள் வீட்டிலும் அவரவர் அவரவர் வேலையைப் பார்த்துக்கொண்டு நிம்மதியாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அந்த நிம்மதியைக் கலைக்கத்தான் இக்கடிதம்.

இன்சூரன்ஸில் விபத்துக் கார்களைப் பார்த்து அறிக்கை எழுதிய பாணியிலேயே, உணர்ச்சிக்கு இடம் கொடுக்காமல் சொல்கிறேன். பல் கிளினிக்கை மூடிய பிறகு தங்கள் அக்கா, "கை சும்மா இருக்க மாட்டேங்குது" என்றாள். பூச்செடி வைப்பாள் என்று நினைத்தேன். வேனில் ஒரு ஃப்ரிட்ஜ் வந்து இறங்கியது. பீரோவும் காரும் கல்யாணம் செய்து பிள்ளை பெற்றால் எப்படி இருக்கும், அப்படி: தோளெல்லாம் வளைவு, நெஞ்சில் வெள்ளி எழுத்து, ஓரத்தில் கார்க் கதவுக் கைப்பிடி மாதிரி ஒன்று. "மாதிரி இல்ல, அதேதான்" என்றாள். அந்தக் காலத்தில் சில கார் கம்பெனிகள் ஃப்ரிட்ஜும் செய்தன, இது அந்த ஜாதியாம். இதையெல்லாம் தேடிப் பிடித்துச் சீர்செய்து வைத்துக்கொள்ள ஊருக்கு ஊர் ஆள் இருக்கிறார்களாம். நான் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தேன். அடியெல்லாம் துரு, கதவு ரப்பர் இற்றுப் போயிருந்தது, மோட்டாருக்குள் ஓர் எலிக் குடும்பம் குடியிருந்து காலி செய்த அடையாளம். "தேறாது" என்றேன். உத்தியோகத்தில் இருந்தவரை நான் அதிகம் எழுதிய சொல் அது. தங்கள் அக்காவோ பல்லைப் பிடுங்குவதைக் கடைசி வழியாக வைத்திருந்தவள். "வேர் கெட்டியா இருக்கு" என்றாள்.

அப்புறம் என்ன, கிளினிக் சாமானெல்லாம் சமையலறைக்கு வந்தது. துருவைச் சுரண்டப் பல் சுரண்டும் கொக்கி. கீலுக்குப் பின்னால் பார்க்க, வாய்க்குள் விடுகிற குட்டிக் கண்ணாடி. பெயிண்டர் வந்து "வெள்ளைதானேம்மா?" என்று கேட்டதுதான் தாமதம், செயற்கைப் பல்லுக்கு நிறம் பார்க்கிற மாதிரிப் பல் வரிசையை எடுத்து நீட்டி, "இந்த வெள்ளை. நாப்பது வயசு, காபி உண்டு, சிகரெட் கிடையாது" என்றாள். அந்த மனிதர் அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் வாயைத் திறந்து பேசவேயில்லை. தலையாட்டியே வேலையை முடித்துவிட்டுப் போனார். மோட்டார் ஓடிய அன்று அவள் அதன் வயிற்றில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டே நின்றாள். என் நெஞ்சில் அப்படிக் காது வைத்ததில்லை. இதைத் தகவலாகத்தான் குறிப்பிடுகிறேன்.

இத்தோடு போயிருந்தால் நான் தங்களைத் தொந்தரவு செய்திருக்க மாட்டேன். பெயிண்டர் ஃப்ரிட்ஜைப் படம் எடுத்து நாலு பேருக்கு அனுப்ப, அதைப் பார்த்துவிட்டு ஒருத்தர் வாசலில் வந்து நின்றார். பழைய கார் வைத்திருப்பவர். நாங்கள் கார்க்காரர் என்றே கூப்பிடுகிறோம். ஃப்ரிட்ஜ் செய்த அதே கம்பெனியின் கார். அதில் பின்பக்கக் கதவு ஒன்றுக்குக் கைப்பிடி இல்லை. எங்கள் கைப்பிடி கச்சிதமாகப் பொருந்துமாம்.

"அந்தக் கைப்பிடியைக் கொடுங்கம்மா, ஃப்ரிட்ஜுக்குப் புதுசா நாலு மாட்டித் தர்றேன்."

"ஏன், உங்க கார்ல மீதி மூணு இருக்கே. ஒண்ணை எனக்குக் குடுங்க, இதுக்கு ஸ்பேரா இருக்கும்."

"அது காரும்மா! இது வெறும் பொட்டி."

"உங்களுதும் பொட்டிதான். சக்கரம் இருக்கு, அவ்வளவுதான்."

மச்சான், ரெண்டு பேரும் திரும்பி என்னைப் பார்த்தாங்க. நான் எழுந்து போய்த் தண்ணி குடிச்சேன். வந்து பார்த்தா சண்டை நின்னுபோயிருக்கு. உங்க அக்கா அவர் தாடையைப் பிடிச்சு வெளிச்சத்துல திருப்பி, "பேசறப்ப பல் செட்டு ஆடுதே, யாரு கட்டினது?"ங்கறாங்க. மனுஷன் கண்ணுல தண்ணி. சாப்பிடறதெல்லாம் கூழாத்தான் சாப்பிடறாராம், வீட்டில யாருகிட்டயும் சொல்லலையாம். அப்பவே உடன்பாடு ஆயிடுச்சு: அக்கா அவருக்குப் புதுப் பல் செட்டு கட்டித் தரணும், கார் கண்காட்சிக்குக் கைப்பிடியை ஒருநாள் இரவல் தரணும், அவர் ஃப்ரிட்ஜைப் பொட்டின்னு சொல்லக் கூடாது.

கண்காட்சிக்கு முந்தின நாள் வந்தார். பல் செட்டு மெழுகுல பல்லை வெச்சு அளவு பார்க்கிற கட்டத்துல இருந்துச்சு. வெயில்ல மெழுகு இளகிடும்னு ஃப்ரிட்ஜுக்குள்ள வெச்சிருந்தாங்க. "முதல்ல கைப்பிடி"ன்னு அவர் குழந்தை மாதிரி அடம்பிடிக்க, அக்கா கதவைத் திறந்து உள்பக்கத்துத் திருகைக் கழட்டிக் கைப்பிடியை எடுத்துக் கொடுத்தாங்க. வாங்கின சந்தோஷத்துல அவர் முழங்கையால கதவை ஒரு இடி. டக். பூட்டிக்கிச்சு. கைப்பிடியை மறுபடி மாட்டணும்னா உள்பக்கமிருந்துதான் மாட்டணும். வெளியில மூணு பேர், உள்ள ஒருத்தரோட பல்.

கார்க்காரர் கடப்பாரை இருக்கான்னு கேட்டார். "உங்க கார்க் கதவுல கடப்பாரை போடுவீங்களா?"ன்னு அக்கா குறுக்க வந்து நின்னாங்க. இதுக்கு முன்னாடி அவங்க குரல் நடுங்கி நான் கேட்டதில்லை மச்சான். கிளினிக் போர்டைக் கழட்டின அன்னைக்குக்கூட நடுங்கலை. எனக்கு என்னவோ மாதிரி ஆயிடுச்சு. நசுங்கின கார்ல கதவு இறுகிட்டா, மெக்கானிக்குங்க மெல்லிசா ஒரு தகட்டைச் சந்துல விட்டு உள் நாக்கைத் தள்ளுவாங்க. எத்தனையோ தடவை பக்கத்துல நின்னு குறிப்பெழுதியிருக்கேன், தொட்டதில்லை. பல் அச்சு எடுக்க அக்கா மாவு குழைக்கிற தகடு ஒண்ணு கிடந்துச்சு, அதை விட்டுத் தள்ளினேன். நாலாவது தள்ளுல கதவு திறந்துக்கிச்சு. உள்ள விளக்கு எரியுது, தட்டுல கார்க்காரர் பல் எங்களைப் பார்த்துச் சிரிக்குது. பெயிண்டில ஒரு கீறல் இல்லை. "தேறும்"னு என் வாயில வந்துடுச்சு. அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தாங்க. அதை அறிக்கையில எழுதத் தெரியலை.

ஆனால் விபரீதமே இனிமேல்தான். கண்காட்சியில் அந்தக் காரைப் பார்த்ததிலிருந்து தங்கள் அக்கா, "ஒரு வீட்டுப் பிள்ளைங்களைப் பிரிச்சு வைக்கலாமா?" என்று ஆரம்பித்திருக்கிறாள். கிளினிக் இருந்த இடத்தை விற்று அந்தக் காரையே வாங்கிவிட வேண்டுமாம். முதுமைக்கென்று எங்களுக்கு இருப்பது அந்த இடம் ஒன்றுதான். நான் சொன்னால் எடுபடாது. தம்பி சொன்னால் கேட்பாள். ஆகவே கடிதம் கண்டவுடன் புறப்பட்டு வந்து, நல்ல வார்த்தை சொல்லி, இதைத் தடுத்து நிறுத்த வேண்டுகிறேன்.

வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கம், சிறியவர்களுக்கு ஆசி, எந்தப் பக்கமும் சேராதவர்களுக்கு என் அனுதாபம்.

இப்படிக்கு,
தங்கள் அத்தான்

பின்குறிப்பு: கடிதத்தைத் தபாலில் போடப் போகும் வழியில் கார்க்காரர் வீடு. புதுப் பல்லோடு ஒரு ஆப்பிளைக் கடித்துக்கொண்டு வாசலில் நின்றார். உள்ளே கூப்பிட்டார். அந்தக் காரில் சும்மா ஒரு நிமிஷம் உட்கார்ந்து பார்த்தேன். முன்பணம் கொடுத்தாயிற்று. அக்காவுக்கு இன்னும் தெரியாது. நான்தான் சொல்ல வேண்டும், நீங்கள் முந்திக்கொள்ள வேண்டாம். கட்டாயம் புறப்பட்டு வரவும். எங்கள் இருவருக்கும் கார் ஓட்டத் தெரியாது.