பதினோரு எலுமிச்சம்பழமும் ஒரு மடக்குக்கத்தியும்

காலை மணி ஒன்பது பத்து. தென்காசியில் எங்கள் பத்திரிகை அலுவலகம் இருக்கும் காம்ப்ளக்ஸின் மாடிப்படியில் நான் முதலில் பார்த்தது, பாதியாக வெட்டி வைத்த எலுமிச்சம்பழங்கள். படிக்கு ஒன்றாகப் பதினோரு படியில் பதினொன்று. ஒவ்வொன்றின் கீழும் ஒரு துண்டுச்சீட்டு, சீட்டில் ஒரு எண்.

படிக்குக் கீழே எட்டுப் பேர் நின்றார்கள். ஒருவரும் ஏறவில்லை. மேல் மாடியில் இருக்கும் பல் டாக்டரைப் பார்க்க வந்த ஒருவர், கன்னத்தைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, பல்வலியே தேவலை என்று திரும்பிப் போய்விட்டார்.

"யாருக்கோ வச்சிருக்காவ சார்" என்றார் வாட்ச்மேன், தாழ்ந்த குரலில். "நம்பர் போட்டுல்லா வச்சிருக்காவ. நம்ம நம்பர் எதுன்னு தெரியாம கால வச்சிராதிய."

அப்போது மேலேயிருந்து ஒரு குரல் இறங்கி வந்தது.

"பொறுங்க, பொறுங்க. யாரும் மிதிச்சிராதிய. ஏழாம் நம்பர் இன்னும் காயல."

ஒரு பொருளை வாங்குவதற்கு முன்னால் இந்தக் குரலுக்குச் சொந்தக்காரரைப் போல யோசித்த மனிதர் புளியறை முதல் சங்கரன்கோவில் வரை கிடையாது. அவருக்கு முறையாக ஒரு பெயர் உண்டு. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க ஒரு நிமிடம் ஆகும். செல்போனை எடுத்தால் ஹலோ சொல்ல மாட்டார், "பொறுங்க" என்பார். அதனால் எங்கள் எல்லோருக்கும் அவர் 'பொறுங்க' அண்ணாச்சி. கடைகளிலும் லாட்ஜுகளிலும் கண்காணிப்புக் கேமரா பொருத்துவது தொழில். வயது நாற்பதைத் தொட்டிருந்தது. கல்யாணம் ஆகவில்லை. குடை வாங்க வேண்டும் என்று நினைத்து, எந்தக் குடை என்று முடிவு செய்வதற்குள் குற்றாலத்தில் இரண்டு சாரல் சீசன் முடிந்திருந்தது. இரண்டிலும் நனைந்தார்.

கத்தி விஷயம் ஒரு காயத்தில் தொடங்கியது. வயர் சீவ, பிளாஸ்டிக் டேக் வெட்ட, அட்டைப்பெட்டி பிரிக்க எல்லாவற்றுக்கும் அவர் வைத்திருந்தது இரும்பு அறுக்கும் ஆக்சா பிளேடில் உடைந்த பாதி. பிடிக்கிற இடத்தில் இன்சுலேஷன் டேப் சுற்றியிருக்கும். குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் ஏணி மேல் நிற்கும்போது சாரல் ஈரத்தில் டேப் நழுவி, பிளேடு கட்டைவிரலைப் பதம் பார்த்துவிட்டது. மூன்று தையல். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அன்றே, தினமும் பையில் வைத்துக்கொள்ள நல்லதாக ஒரு சின்ன மடக்குக்கத்தி வாங்குவது என்று தீர்மானித்தார். தீர்மானிக்க ஒரு நிமிடம்தான் ஆனது. தேர்ந்தெடுக்கப் பதினோரு மாதம்.

ஒரு நோட்டில் நிபந்தனைகளை எழுதி வைத்திருந்தார். நான் படித்திருக்கிறேன். ஒரு கையால் திறக்க வேண்டும். இன்னொரு கை ஏணியில் இருக்கும். திறந்தால் பூட்டிக்கொள்ள வேண்டும், விரல் மேல் மடங்கக் கூடாது. அலகு சுண்டுவிரலை விட நீளக் கூடாது, லாட்ஜ் முதலாளி பயப்படுவார். சாரலில் துருப்பிடிக்கக் கூடாது. பையில் இருப்பது தெரியக் கூடாது, கை போனால் உடனே தெரிய வேண்டும். இந்தக் கடைசி வாக்கியத்தை நான் எழுதியிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன்.

செல்போனில் கத்தி வீடியோக்களாகப் பார்த்தார். ஸ்டீல் வகைகளின் பெயரைச் சொந்தக்காரர் பெயர் மாதிரிச் சொன்னார். அப்படிப்பட்ட கத்தி என்ன விலை என்று டீக்கடையில் ஒருநாள் சொன்னபோது, டீ மாஸ்டர் ஆற்றிக்கொண்டிருந்த டீயை அந்தரத்தில் நிறுத்திவிட்டார்.

வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் வீடுகளிலெல்லாம் கேட்டுப் பதினோரு மடக்குக்கத்தி இரவல் வாங்கினார். புளியங்குடி எலுமிச்சை மார்க்கெட்டுக்குப் போய், எல்லாம் ஒரே மரத்துப் பழமாக வேண்டும் என்று கேட்டார். கமிஷன் கடைக்காரர், "லாரில ஏத்துத இடத்துல வந்து மரத்தக் கேக்கேரு. வேர் வேணுமாவே?" என்றாராம். மழுங்கிய கத்தி சுளையை நசுக்கும், கூரான கத்தி அறுக்கும், நசுங்கியது சீக்கிரம் காயும் என்பது அவர் சித்தாந்தம். கத்திக்கு ஒரு பழமாக வெட்டி எண் போட்டார். காம்ப்ளக்ஸில் நல்ல வெயில் விழும் இடம் மாடிப்படிதான். அதன் பலனைத்தான் அன்று ஒன்பது பத்துக்குப் பார்த்தேன். அன்று பத்தரை மணி வரை எங்கள் காம்ப்ளக்ஸில் தொழில் நடக்கவில்லை.

இங்கே மதியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கீழ்த்தளத்தில் பெண்களுக்கான தையல் கடை வைத்திருப்பவர். வயது முப்பத்தைந்து. வாய்க்கு யாரும் பயப்படுவார்கள். கடைக்கு ஒரு கேமரா வேண்டும் என்று பொறுங்க அண்ணாச்சியிடம் சொல்லி எட்டு மாதமாகியிருந்தது. கேமரா வரவில்லை, அண்ணாச்சி வந்தார். தினமும் நாலு மணிக்கு. "வெளிச்சம் எங்கன விழுதுன்னு பாக்குதேன்" என்பார். ஸ்டூலில் உட்கார்ந்து அரை மணி நேரம் பார்ப்பார். வெளிச்சம் வாசல் பக்கம் விழும். அவர் தையல் மெஷின் பக்கம் பார்த்துக்கொண்டிருப்பார்.

மதியிடம் ஒரு கண்டிப்பு உண்டு. கத்தரிக்கோலைக் கைக்குக் கை வாங்க மாட்டார். ஒருநாள் கீழே விழுந்ததை நான் எடுத்து நீட்டினேன். "மேசைல வைங்க சார்" என்றார். "வெட்டுத சாமானக் கையில குடுத்தா சண்ட வரும். எனக்கு இருக்குத சண்டயே போதும்."

இன்னொன்றையும் கவனித்திருந்தேன். வாட்ச்மேனிலிருந்து பல் டாக்டர் வரை எல்லோரும் அவரை அண்ணாச்சி என்றார்கள். மதி மட்டும் ஒருநாளும் சொன்னதில்லை. "இந்தா பாருங்க" என்றுதான் ஆரம்பிப்பார்.

ஆனி மாதம் ஒருநாள் என் தோள்பைக்கு ஜிப் தைக்கக் கொடுத்துவிட்டு நின்றிருந்தேன். நான் நிற்பதை இருவரும் பொருட்படுத்தவில்லை.

"இந்தா பாருங்க. ஆவணி மொத ஞாயித்துக்கெழம சங்கரன்கோவில்ல இருந்து என்னயப் பாக்க வாராவ. எங்க அண்ணன் சரின்னுட்டான். அதுக்கு முந்தி உங்க வீட்டுல இருந்து வருவியளா, மாட்டியளா?"

"பொறுங்க. ஒரு நேரத்துல ஒரு முடிவுதான். மொதல்ல கத்தி முடியட்டும்."

"கத்தி முடியுததுக்குள்ள எனக்குக் கல்யாணம் முடிஞ்சிரும்."

மெஷினை அவர் ஓட்டிய வேகத்தில் என் பை ஜிப்புக்கு ஒரு வரிசைத் தையல் போட வேண்டிய இடத்தில் இரண்டு வரிசை விழுந்தது. இன்றும் அந்தப் பை அந்த இடத்தில் பிரியவில்லை.

அதன்பிறகு அண்ணாச்சியிடம் ஒரு வேகம் வந்தது. அவர் அளவுக்கு வேகம். பதினொன்றை மூன்றாகக் குறைத்தார். கடைசிப் பரீட்சை குற்றாலத்தில். அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடும் ஒருவரிடம் மூன்று கத்தியையும் கொடுத்து, "எண்ணெய்க் கையோட ஒவ்வொண்ணாத் தொறந்து மூடும். எது வழுக்குதுன்னு சொல்லும்" என்றார்.

"அண்ணாச்சி, நான் முப்பது வருசமா ஆளுவளத் தேய்க்கேன். கத்தியத் தேய்க்கச் சொன்ன மொத ஆளு நீருதான்" என்றார் அவர். ஆனாலும் தேய்த்தார்.

எண்ணெய் வழியும் கைகளோடு ஒருவர் கத்தியை விரித்து மூடுவதையும், எதிரே ஒருவர் துண்டோடு உட்கார்ந்து நோட்டில் எழுதுவதையும் வரிசையை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்த போலீஸ்காரர் பார்த்தார். பதினைந்து நிமிடத்தில் எனக்குப் போன் வந்தது. நான் அருவிக்கரை போலீஸ் அவுட்போஸ்ட்டுக்குப் போனபோது அண்ணாச்சி துண்டோடு பெஞ்சில் இருந்தார். கத்திகள் மேசையில் இருந்தன.

"இவர உங்களுக்குத் தெரியுமா சார்? எண்ணெய்க் கைக்குக் கத்தி வழுக்குதான்னு பாக்க வந்தேங்காரு."

"உண்மைதான் சார். ஆள் அப்படித்தான்."

போலீஸ்காரர் அவரை ஒருமுறையும் கத்திகளை மூன்று முறையும் பார்த்தார். கடைசியில், "நடுவுல உள்ளது நல்லாருக்கு" என்றார்.

அண்ணாச்சி உடனே நோட்டைத் திறந்தார். நடுவில் இருந்தது முடிவாயிற்று.

அது இரவல் கத்தி. அதே மாதிரிப் புதுசு இங்கே கிடைக்காது. துபாயில் வேலை பார்க்கும் சாகுல் அண்ணாச்சியின் பள்ளித்தோழர். ஆடிக் கடைசியில் லீவுக்கு வருகிறார், வாங்கி வரட்டும் என்று பணத்தை அனுப்பினார். கணக்குப்படி எல்லாம் சரியாக இருந்தது. வெள்ளிக்கிழமை சாகுல் வருவார், சனிக்கிழமை தன் அக்காவிடம் சொல்லலாம், ஞாயிறு காலையில் சங்கரன்கோவில்காரர்களுக்கு முன்னால் மதி வீட்டுக்குப் போய்விடலாம். இதை என்னிடம் சொல்லும்போது, கத்திக்கு ஒரு குரலும் மதிக்கு ஒரு குரலும் இல்லை. இரண்டுக்கும் ஒரே கவலை. அப்போதுதான் எனக்குக் கொஞ்சம் பயம் வந்தது.

சாகுலுக்கு அவர் அனுப்பிய குரல் பதிவை நான் கேட்டேன். "பெட்டிக்குள்ள போட்டுராதலே. பெட்டியத் தூக்கி எறிவானுவ, ஆணி கழண்டுரும். கையோட வச்சுக்க. பச்சப்பிள்ளயக் கொண்டாராப்புல கொண்டா."

வெள்ளிக்கிழமை பிற்பகல் மூன்றேகாலுக்கு சாகுல் எங்கள் காம்ப்ளக்ஸ் வாசலில் ஆட்டோவை விட்டு இறங்கினார். கையில் ஒரு சின்ன வெல்வெட் பெட்டி. அண்ணாச்சி திறந்தார். கத்தி இருக்க வேண்டிய பள்ளம் மட்டும் இருந்தது.

"எங்கலே?"

"நீ சொன்னாப்புலதாம்ல கையோட வச்சிருந்தேன். ஏர்போர்ட்ல விமானத்துக்குள்ள கத்தியோட விடுவானால? பச்சப்பிள்ளன்னு சொன்னியே, அந்தப் பச்சப்பிள்ளய வாங்கித் தொட்டிக்குள்ள போட்டுட்டான். பெட்டிய மட்டும் கெஞ்சி வாங்கியாந்தேன்."

பதினோரு மாதம், பதினோரு பழம், மூன்று தையல், ஒரு போலீஸ் விசாரணை. எல்லாம் ஏதோ ஓர் ஊர்த் தொட்டியில். கடைசித் தயக்கத்துக்கு இப்போது நியாயமான காரணமும் கிடைத்துவிட்டது. இன்னொரு கத்தி வர அடுத்த லீவு வரை பொறுக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக்கு ஒன்றரை நாள் இருந்தது. அவர் 'பொறுங்க' என்று சொல்வார் என்று நாங்கள் காத்திருந்தோம்.

சொல்லவில்லை. பெட்டியை மூடிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கோயில் பக்கம் நடந்தார். நானும் சாகுலும் பின்னால் போனோம். ஓர் இரும்புக்கடையில் ஏறினார்.

"ஒரு மடக்குக்கத்தி குடுங்க."

"எப்படியாப்பட்டது அண்ணாச்சி?"

"மடக்குனா மடங்கணும்."

கடைக்காரர் சிவப்புப் பிடி போட்ட ஒன்றை எடுத்து வைத்தார். "வேற மாடலு காட்டவா?"

"வேண்டாம்."

நான் கடிகாரத்தைப் பார்த்தேன். நான்கு நிமிடம். அதில் மூன்று நிமிடம் கடைக்காரர் ஏணியில் ஏறி இறங்கியது.

நாலு மணிக்கு மதியின் கடை. ஸ்டூலில் உட்காரவில்லை. வெல்வெட் பெட்டியை மேசையில் வைத்துத் திறந்தார். சிவப்புக் கத்தி அந்தப் பள்ளத்துக்கு நீளம், குறுக்காகக் கிடந்தது.

மதி பார்த்தார். நடந்ததை சாகுல் வாசலில் நின்றபடியே சொன்னார்.

"எந்த ஸ்டீலு?" என்று கேட்டார் மதி.

"கேக்கல."

"பூட்டு இருக்கா?"

"பாக்கல."

"துருப் பிடிக்குமா?"

"பிடிக்கும்னுதான் நெனைக்கேன்."

மதி மெஷினிலிருந்து எழுந்து வந்து கையை நீட்டினார். "எடுத்துக் குடுங்க."

"மேசைலதான இருக்கு."

"கையில குடுங்க."

"சண்ட வரும்பியளே?"

"வரட்டும். வேற யாரு கூடப் போடப்போறேன்?"

அவர் எடுத்துக் கொடுத்தார். மதி வாங்கிக்கொண்டார். "ஞாயித்துக்கெழம எத்தன மணிக்கு வாரீய?"

அவர் வாயைத் திறந்தார். என்ன வார்த்தை வரும் என்று எங்கள் மூவருக்கும் தெரியும். உதடு அதற்கான வடிவத்துக்கு வந்தும் விட்டது.

"எட்டு மணி" என்றார்.

ஏழு நாற்பதுக்கே அக்காவோடு போய் நின்றார் என்று பிறகு கேள்விப்பட்டேன். மதியின் அண்ணன் சங்கரன்கோவிலுக்குப் போன் போட்டு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். தை மாதம் கல்யாணம்.

அடுத்த லீவில் சாகுல் அதே கத்தியில் இன்னொன்றைத் துணிமணிகளோடு பெரிய பெட்டிக்குள் போட்டுக் கொண்டுவந்தார். ஒரு கீறல் இல்லை. அது அண்ணாச்சியின் பையில் இருக்கிறது, இருப்பது தெரிவதில்லை. மதியின் கடையில் கேமரா இன்னும் பொருத்தவில்லை. தினமும் நாலு மணிக்கு வெளிச்சம் பார்க்கிறார். சிவப்புக் கத்தி மதியின் மேசை டிராயரில் கொஞ்சம் துருவோடு கிடக்கிறது.

எங்கள் அலுவலகத்துக்கு நூல் கட்டிய பார்சல் ஏதாவது வந்தால், நான் மாடி இறங்கிப் போய் அந்தக் கத்தியைக் கேட்டு வாங்கி வந்துதான் பிரிக்கிறேன். எங்கள் அலுவலகத்தில் இரண்டு கத்தரிக்கோல் இருக்கின்றன.