விஜிலா உதவ வருகிறாள்

ஊரில் உதவி செய்கிறவர்கள் இருக்கிறார்கள், கேட்டால் செய்வார்கள். செய்யாதவர்களும் இருக்கிறார்கள், கேட்டால் ஃபோனை எடுக்க மாட்டார்கள். இந்த இரண்டு சாராரோடும் எப்படியாவது காலம் தள்ளிவிடலாம். இங்கே சொல்ல வருவது இன்னொரு சாராரை: உதவாமல் விடாதவர்கள். நீங்கள் ஒரு தும்மல் தும்மியிருப்பீர்கள், அவ்வளவுதான். ஆவி பிடிக்கச் சட்டி வந்துவிடும், மூக்கில் தடவத் தைலம் வந்துவிடும், மதுரையில் இருக்கிற உங்கள் அக்காவுக்குத் தகவல் போய்விடும், உங்களுக்காக ஒரு ஜெபம் ஏறெடுக்கப்பட்டு, மறுநாள் தும்மல் நின்றதற்கு நாலு பேர் முன்னிலையில் சாட்சியும் சொல்லப்பட்டுவிடும். தும்மியவர் நீங்கள். உங்களை யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா?

எந்த மண்ணிலும் வளர்கிற இனம்தான் இது. ஆனால் கிறிஸ்தவக் கல்லூரிகளின் மாணவர் ஐக்கியத்தில் விதைத்தால் கொஞ்சம் செழிப்பாகவே வரும்.

தூத்துக்குடியில் கடற்காற்று வீசுகிற ஒரு கல்லூரியில் மூன்றாமாண்டு பி.காம். படித்த விஜிலாவை எடுத்துக்கொள்ளுங்கள். அப்பா சரக்குக் கப்பலில் சமையல்காரர். வருஷத்தில் முக்கால்வாசி தண்ணீரில். அம்மா வீட்டில் தையல். இவள் முதலாமாண்டு சேர்ந்த புதிதில் ஐக்கியத்தின் செயலாளர் பதவி காலியாகக் கிடந்தது. விஜிலா அதற்கும் உதவினாள்.

அவள் பையில் பாடப்புத்தகம் இருக்கும் என்று அடித்துச் சொல்ல முடியாது. செல்லோ டேப், மார்க்கர், நகவெட்டி, சீப்பு, குளுக்கோஸ் பாக்கெட், யாருக்காவது அறுந்துபோனால் ஆகும் என்று ஒரு ஜோடி செருப்பு, இவை கட்டாயம் இருக்கும். வாயில் எப்போதும் ஒரே வாக்கியம்: "இது நமக்கு ஒரு அழைப்பு." கேன்டீனில் குழாய் ஒழுகினால் அழைப்பு. நூலகத்தில் ஃபேன் சுற்றாவிட்டால் அழைப்பு. அழைத்தது யார் என்று கேட்க ஒருவருக்கும் துணிவு வந்ததில்லை.

புதன்கிழமை சாயங்காலம் சிற்றாலயத்துக்குப் பின்னால் உள்ள அறையில் ஐக்கியம் கூடும். இரண்டாமாண்டு ஜெஸ்டின் கிட்டார் வாசிப்பான். அவனுக்குத் தெரிந்தது மூன்றே கார்டு என்பதால் எல்லாப் பாட்டும் அந்த மூன்றுக்குள் அடங்கி ஒடுங்கி நடந்துகொள்ளும். அதற்கப்புறம் பகிர்தல். அதாவது ஒவ்வொருவரும் மனதில் உள்ளதைச் சொல்வது, மற்றவர்கள் கேட்பது. விஜிலாவுக்கு இந்தக் கேட்கிற பகுதி மட்டும் ஒத்துவராது. உடன்குடிப் பக்கத்திலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கியிருந்த சுடலைச்செல்வி ஒருநாள், "வீட்டு ஞாபகமாவே இருக்கு" என்றாள். பாவம், சொல்லி முடித்து மூச்சுகூட விடவில்லை. விடிந்ததும் விடியாததுமாக ஹாஸ்டல் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றும் பொறுப்பு அவள் தலையில் விழுந்துவிட்டது. வேலை இருந்தால் வீட்டு ஞாபகம் வராதாம். சுடலைச்செல்வி கிறிஸ்தவளும் அல்ல, ஐக்கியத்தில் உறுப்பினரும் அல்ல. பாட்டுக்காக வந்தவள், கடைசியில் கொடுக்கிற மக்ரூனுக்காகத் தங்கிவிட்டவள். அன்றிலிருந்து பகிர்தலில் அவள் வானிலையைப் பற்றி மட்டுமே பேசினாள்.

விஜிலாவின் முறை வந்தால்?

"எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன். அடுத்து யாரு?"

மாதத்தில் ஒரு சனிக்கிழமை முதியோர் இல்லம். அங்கே வன்னியபெருமாள் என்று ஹார்பரில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர் இருந்தார். விஜிலா சீப்பும் கையுமாக அவர் தலைமாட்டில் போய் நின்றாள்.

"ஏளா, காலையிலேயே ஒரு காலேஜ் வந்து சீவிட்டுப் போயிட்டு" என்றார் அவர்.

"பரவாயில்ல தாத்தா. நாங்களும் சீவிருதோம்."

"இருக்கது நாலு முடி. அதையும் வகிடு மாத்தி மாத்தி எடுத்தா அது எங்கன போவும்?"

சீவினாள். நகமும் வெட்டினாள். முந்தின வாரமே யாரோ வெட்டியிருந்ததால் வெட்டுவதற்கு நகத்தைத் தேட வேண்டியிருந்தது.

ஆனால் அவளுடைய பெயர் கடலோரம் முழுக்கப் பரவியது கடற்கரைத் தூய்மைப் பணியால்தான். ஐக்கியம் மொத்தமும் கையுறை மாட்டிக்கொண்டு மீனவர் குடியிருப்புப் பக்கம் போய் இறங்கி, மணலில் கிடந்த பிளாஸ்டிக் பாட்டில்களையெல்லாம் பொறுக்கி, கயிற்றில் கட்டிக் கிடந்தவற்றைப் பொறுமையாக அவிழ்த்து, மூட்டை மூட்டையாகக் குப்பை வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டு, கடலைப் பார்த்து ஒரு நன்றிப் பாடலும் பாடியது. பாட்டு முடிவதற்குள் மரியசெல்வி வந்துவிட்டாள். வள்ளம் வைத்திருக்கிற ரோச் என்பவரின் மனைவி.

"ஏளா, குப்பைய எடுத்தீங்க, சந்தோஷம். எங்க நண்டு வலைக்கு மெதப்பாக் கட்டியிருந்த பாட்டில ஏன்ளா அவுத்தீங்க?"

அந்தப் பாட்டில்கள் மிதந்தால்தான் வலை எங்கே கிடக்கிறது என்று தெரியும். இப்போது அவை மாநகராட்சிக் குப்பைக் கிடங்கில் மிதந்துகொண்டிருந்தன. வேறு யாராக இருந்தாலும் மன்னிப்புக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். விஜிலா மன்னிப்பையே ஒரு நிகழ்ச்சியாக்கினாள். அடுத்த சனிக்கிழமை "ஒப்புரவு விழா" என்று பேனர் கட்டி, ஜெஸ்டினின் மூன்று கார்டோடு போய் நின்றாள். அந்த மத்தியானம் முழுக்க ரோச் வீட்டார் வலைக்குப் போகாமல் உட்கார்ந்து மன்னிக்க வேண்டியதாயிற்று.

இப்படியே போயிருந்தால் இது வெறும் சிரிப்புக் கதை. அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் மழை வந்தது. வானம் பிளந்துகொண்டது போலப் பெய்தது. மேற்கே குளங்கள் உடைந்து, உப்பளமும் ரோடும் ஒன்றாகி, பஸ் ஸ்டாண்டில் படகு விடலாம் என்று ஆயிற்று. மேட்டில் இருந்த கல்லூரி மட்டும் தப்பியது.

மழை சற்று விட்ட காலையில் விஜிலா ஹாஸ்டல் வாசலில் வந்து நின்றாள். "இது நமக்கு ஒரு அழைப்பு."

இந்தத் தடவை உண்மையிலேயே அழைப்புதான். ஐக்கியத்துக்குப் பொறுப்பாக இருந்த ஃபாதர், எல்லாரும் மாதா கோயில் மண்டபத்திலேயே இருந்து, வெள்ளத்துக்குத் தப்பி வந்தவர்களுக்கான சமையலுக்குக் கைகொடுக்கட்டும் என்று சொல்லியிருந்தார். சமையல் உள்ளே நடக்கிற காரியம். விஜிலாவுக்கு அது சேவை மாதிரியே தெரியவில்லை. ஜெஸ்டினையும் சுடலைச்செல்வியையும் கிளப்பி, ரொட்டிப் பாக்கெட் மூட்டையைத் தூக்கிக்கொண்டு, தாழ்வான ஒரு தெருவுக்குள் நடந்தாள். முதலில் கணுக்கால் அளவு. தெரு பாதி போனபோது இடுப்பு. திரும்பலாம் என்று சுடலைச்செல்வி சொன்னபோது பின்னால் இருந்த தண்ணீர் முன்னால் இருந்ததைவிட வேகமாக ஓடிக்கொண்டிருந்தது. ஜெஸ்டின் மின்கம்பத்தைப் பிடிக்கப் போய், அதைப் பிடிக்கலாமா என்ற பயத்தில் விட்டுவிட்டு, விஜிலாவின் தோளைப் பிடித்தான்.

மேலே மாடியிலிருந்து ஒரு பெரியவர் எட்டிப் பார்த்தார். "யாருளா அது, இந்த வெள்ளத்துல?"

விஜிலா தலையில் ரொட்டி மூட்டையோடு அண்ணாந்து பார்த்து, "உங்களுக்கு உதவி செய்ய வந்திருக்கோம்" என்றாள்.

மாடியில் இன்னும் நாலைந்து தலைகள் எட்டிப் பார்த்தன. பிறகு இரண்டு சேலைகளை முறுக்கிக் கட்டிக் கீழே விட்டார்கள். ஒவ்வொருவராக மேலே இழுத்துப்போட்டார்கள். துடைத்துக்கொள்ளத் துண்டு கொடுத்தார்கள். மண்ணெண்ணெய் அடுப்பில் ரசமும் சோறும் ஆகிக்கொண்டிருந்தது, அதையும் கொடுத்தார்கள். விஜிலா கொண்டுவந்த ரொட்டி நனைந்து கூழாகிப் போயிருந்தது. அந்த வீட்டம்மா அதை வாங்கி, மனசு நோகாதபடி ஒரு ஓரமாக வைத்தார். "மூணு பிள்ளைங்க மாட்டிக்கிட்டு நிக்கி" என்று பெரியவர் யார் யாருக்கோ ஃபோன் போட்டார்.

மத்தியானம் ஒரு வள்ளம் தெருவுக்குள் வந்தது. என்ஜினைத் தூக்கிவிட்டு, கழியால் ஊன்றித் தள்ளிக்கொண்டு வந்தவர் ரோச். விஜிலாவைப் பார்த்ததும் ஒரு கணம் கழியை ஊன்றாமல் நின்றார்.

"நீதானா. ஏறு."

"மொதல்ல இவங்கள ஏத்துங்க அண்ணாச்சி. நாங்க கடைசில வாரோம்."

"நாங்க எங்கயும் வரல" என்றார் மாடிக்காரர். "எங்களுக்கு அரிசி இருக்கு, மாடி இருக்கு. உங்களுக்காகத்தான் வள்ளத்தக் கூப்பிட்டது."

"இல்ல தாத்தா, நாங்க உதவி செய்ய வந்தவங்க. வேற யாராவது கஷ்டத்துல இருப்பாங்க, மொதல்ல அவங்க..."

"இருக்கா" என்றார் ரோச். "அடுத்த தெருவுல ஒரு பிள்ளத்தாச்சிக்கு வலி எடுத்திருக்கு. நீ ஏறுனாத்தான் நான் அங்கன போவ முடியும்."

அப்போதும் விஜிலாவின் கால் நகரவில்லை. பயம் அல்ல அது. வள்ளத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டால் தான் யார் என்பது அவளுக்கே தெரியாமல் போய்விடும்போல இருந்தது. இத்தனை வருஷமாக வானிலையை மட்டும் பேசிவந்த சுடலைச்செல்வி அப்போது வாயைத் திறந்தாள்.

"ஏளா, நீ இங்கன ஏறாம நிக்கது யாருக்கு உதவி?"

விஜிலா ஏறினாள். ஏறியதும் காலடியில் கிடந்த கயிற்றைச் சுருட்டக் கை போயிற்று.

"எம்மா" என்றார் ரோச், "இந்த வள்ளத்துல மட்டும் எதையும் சுத்தம் பண்ணிராத."

அடுத்த தெருவில் வலி எடுத்திருந்த சரண்யாதேவியை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியோடு தூக்கி வள்ளத்தில் இறக்கினார்கள். புருஷன் திருச்செந்தூரில் லாட்ஜ் வேலைக்குப் போனவன், பாதை அறுந்து அங்கேயே மாட்டிக்கொண்டான். படுக்க வைக்க இடமில்லை. தலையை விஜிலாவின் மடியில் சாய்த்தார்கள். வலி வந்து வந்து போயிற்று. விஜிலா தனக்குத் தெரிந்த பாடத்தை ஆரம்பித்தாள்.

"கவலப்படாதீங்க அக்கா, நான் இருக்கேன். மூச்ச நல்லா இழுத்து..."

"பேசாம கையக் குடு" என்றாள் சரண்யாதேவி.

கொடுத்தாள். அந்தப் பிடியில் விரல் நொறுங்கிவிடும்போல இருந்தது. பையில் இருந்த எதுவும் இதற்கு ஆகாது. பையே எங்கோ போய்விட்டிருந்தது. சொல்வதற்கும் ஒன்றுமில்லை, செய்வதற்கும் ஒன்றுமில்லை. ரோச் கழியை ஊன்றுகிற சத்தம், ஜெஸ்டின் வாய்க்குள் ஜெபமாலை சொல்கிற சத்தம், மடியில் ஒரு பெண்ணின் மூச்சு. வாழ்க்கையில் முதல் தடவையாக விஜிலா ஒன்றும் ஏற்பாடு செய்யாமல் உட்கார்ந்திருந்தாள்.

மேட்டு ரோட்டில் ஆம்புலன்ஸ் நின்றது. அன்று சாயங்காலமே பெண் குழந்தை என்று தகவல் வந்தது. குழந்தைக்கு விஜிலா என்று பெயர் வைத்தார்களா என்று கேட்பீர்கள். இல்லை. மாமியார் முன்கூட்டியே ஒரு பெயர் வைத்திருந்தார்.

கோயில் மண்டபத்தில் மரியசெல்வி ஒரு நைட்டியை நீட்டினாள். யாரோ தானமாகக் கொடுத்தது, விஜிலாவைப்போல இரண்டு பேர் நுழையலாம். மாற்றிக்கொண்டு வந்தவள் நேராகச் சாம்பார் வாளியைப் பார்த்து நடந்தாள்.

"எங்க போற?"

"நான் ஊத்துதேன் அக்கா."

"உக்காரு."

"இல்லக்கா, நான் சும்மா..."

"சும்மா இருக்கத்தான் சொல்லுதேன். உக்காரு."

உட்கார்ந்தாள். சோறு வந்தது. பக்கத்தில் சுடலைச்செல்வி சாப்பிட்டுக்கொண்டே, "என்னளா, ஒருமாதிரி இருக்க?" என்றாள்.

"எனக்கென்ன, நல்லாத்தான்..." என்று ஆரம்பித்த விஜிலாவுக்கு மீதி வரவில்லை. "அப்பா ஃபோன் பண்ணி ரொம்ப நாளாச்சுளா. கப்பல் எங்க நிக்கின்னே தெரியல. அம்மாகிட்ட நான் அழல, அதான் அம்மாவும் அழல."

சுடலைச்செல்வி யோசனை ஒன்றும் சொல்லவில்லை. செடிக்குத் தண்ணீர் ஊற்று என்றும் சொல்லவில்லை. தன் அப்பளத்தில் பாதியை ஒடித்து அவள் தட்டில் வைத்துவிட்டுச் சாப்பாட்டைத் தொடர்ந்தாள். விஜிலா அழுதுகொண்டே சாப்பிட்டாள், இரண்டாம் தடவையும் வாங்கிச் சாப்பிட்டாள். அப்பா நான்கு நாள் கழித்துப் பேசினார். கப்பலில் சிக்னல் இல்லையாம்.

விஜிலா அதற்கப்புறம் திருந்திவிட்டாள் என்று எழுதி முடிக்க ஆசைதான். ஆனால் இந்த இனத்தை அப்படி லேசாக எடை போட்டுவிடக் கூடாது. ஜனவரியில் கல்லூரி திறந்ததும் அவள் ஒரு பயிற்சி முகாம் அறிவித்தாள்: "பெற்றுக்கொள்ளப் பழகுவோம்." வருகை கட்டாயம். எல்லாரும் சும்மா உட்கார்ந்து இன்னொருவர் கையால் உதவி வாங்க வேண்டும். ஒவ்வொருவரும் சரியாக வாங்குகிறார்களா என்று பார்க்க விஜிலா மட்டும் வியர்க்க வியர்க்க ஓடிக்கொண்டிருந்தாள். கடைசியில் ஜெஸ்டின் ஒரு டம்ளர் டீ போட்டு அவளிடம் நீட்டினான். வாயில் வைக்க முடியாத டீ. சர்க்கரை எவ்வளவு போட வேண்டும், பால் எப்போது ஊற்ற வேண்டும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்து முழுவதையும் குடித்தாள். "நல்லாருக்கா அக்கா?" என்றான் அவன். "ம்" என்றாள். மூன்று வருஷ ஐக்கியத்துக்கு இந்த முன்னேற்றம் போதாதா?

நீங்கள் அப்படியெல்லாம் இல்லை என்பது எனக்குத் தெரியும். இவ்வளவு தூரம் சிரித்துக்கொண்டே வாசித்தீர்களே. ஒன்றே ஒன்று மட்டும் சொல்லுங்கள். வாசிக்கும்போது உங்களுக்குத் தெரிந்த ஒருவரின் முகம் நினைவுக்கு வந்து, 'இதை அவருக்கு அனுப்பிவைத்தால் அவருக்கு எவ்வளவு உதவியாக இருக்கும்' என்று கை ஃபோனைத் தேடியதா?