அங்கீகரிக்கப்பட்ட மான்

இரண்டாயிரத்து ஆறில் வளைகுடா ஓட்டல்களுக்குப் பழைய படப் பித்துப் பிடித்திருந்தது. நூற்றைம்பது வருடத்துக்கு முந்தைய விலங்குப் படப் புத்தகங்களைப் பிரித்து, பக்கம் பக்கமாகக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டினார்கள். அபுதாபியில் ருவைஸுக்கு அப்பால் எழும்பிய ஒரு சொகுசு விடுதி இன்னும் ஒரு படி மேலே போனது. வரவேற்பறையில் மாட்டிய புள்ளிமான் படத்தின்படியே தோட்டத்தில் உயிருள்ள மான் ஒன்றும் நிற்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதி, படத்தின் மேல் 'அங்கீகரிக்கப்பட்டது' என்று முத்திரையும் குத்திவிட்டது. முத்திரை விழுந்த டிராயிங் இங்கே வேதவாக்கு. டிராயிங் கோணலாக இருந்தால் கட்டடத்தையும் கோணலாகத்தான் கட்டுவோம்.

படம் வரைந்த வெள்ளைக்காரர் மானை நேரில் கண்டவரில்லை. கப்பலில் போன காய்ந்த தோலைப் பார்த்து, பக்கவாட்டில் வரைந்திருந்தார். அதனால் ஒரு பின்னங்கால் மறைந்து, மூன்று கால்தான் தெரிந்தது.

மானை ஒப்படைக்கும் பொறுப்பு குளச்சல் செல்வசிங்குக்கு. தொழிலாளர் கேம்பில் என் ரூம்காரன், அதே கட்டடக் கம்பெனிதான். அவன் விமானம் ஏறிய பிறகு பிறந்த மகளுக்கு மூன்று வயது. இன்னும் முகம் பார்க்கவில்லை. மானுக்குக் கையெழுத்து விழுந்தால்தான் லீவு என்று கம்பெனி சொல்லிவிட்டது.

இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்த விடுதி என்ஜினியர் பாஸ்கர், படத்தையும் மானையும் மாறி மாறிப் பார்த்தார்.

"டிராயிங்ல மூணு கால். சைட்ல நாலு இருக்கே?"

"மானுக்கு நாலு காலுதானே சார்?" என்றான் செல்வசிங்.

"இருக்கலாம். அப்ரூவல் மூணுக்குத்தான். நாலாவது யாரைக் கேட்டு வந்துச்சு?"

"பெறக்கும்போதே இருந்துது சார்."

"அப்ப ஒப்பந்தத்துக்கு முந்தின வேலை. அதுக்கு நான் பொறுப்பில்ல."

"படத்தைத் திருத்தலாம்லா சார்?"

"வரைஞ்சவர் கையெழுத்து வேணும்."

"அவரு செத்து நூறு வருசம் ஆயிருக்கும்லா!"

"அப்ப மானைத்தான் திருத்தணும்."

மறு இன்ஸ்பெக்‌ஷன் அன்று காலையில் நானும் அவனும் ஒரு பாறாங்கல்லை உருட்டி வந்து, மானின் ஒரு பின்னங்காலை மறைத்தோம். கல்லுக்குப் பின்னால் குப்புறப் படுத்து, அந்தக் காலைப் பிடித்துக்கொண்டு செல்வசிங் ஒரு மணி நேரம் வெயிலில் கிடந்தான். மான் அவன் முகத்தில் இரண்டு முறை உதைத்தது. எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. எனக்கும் லீவு வர வேண்டுமே.

"இப்பத்தான் மான் மாதிரி இருக்கு," என்று பாஸ்கர் கையெழுத்துப் போட்டார்.

ஊர் போய்ச் சேர்ந்த செல்வசிங் மறுநாள் எனக்குப் போன் செய்தான். வாசலில் பெட்டியை இறக்கிவிட்டு, "மோளே" என்று கையை நீட்டினானாம். பிள்ளை உள்ளே ஓடிப்போய், சுவரில் மாட்டியிருந்த அவனுடைய பாஸ்போர்ட் போட்டோவை அம்மாவிடம் கேட்டு வாங்கி வந்தது. படத்தைப் பார்த்தது. அவனை மேலிருந்து கீழ்வரை பார்த்தது.

"இது அப்பா இல்ல. எங்க அப்பாக்கு காலு கெடையாது."

பெண்டாட்டி கெஞ்சினாள், மிட்டாய் காட்டினாள். பிள்ளை அசையவில்லை.

செல்வசிங் வெளியே போய், காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் மார்பளவு தெரிய நின்றான். பிள்ளை இன்னொரு தடவை படத்தைச் சரிபார்த்தது.

"அப்பா!" என்று கத்தியது.

ஒரு மணி நேரம் ஆகியும் சுவரை விட்டு இந்தப் பக்கம் வர அவனுக்குத் தைரியம் வரவில்லையாம்.