வேண்டாம் என்று சொல்ல ஒரு நல்ல நேரம்

வேலையில் சேர நல்ல நேரம் பார்க்காத வீடு எங்கள் பக்கம் கிடையாது. ஆனால் வேலையை வேண்டாம் என்று சொல்வதற்கு நேரம் பார்த்த வீடு, பெரம்பலூர் மாவட்டத்திலேயே எங்களுடையது ஒன்றாகத்தான் இருக்கும். (பெருமைப்பட இதில் ஒன்றும் இல்லை. மேலே படியுங்கள்.)

பி.காம். முடித்த கையோடு எனக்கு இரண்டு வேலைகள் கிடைத்தன. ஒன்று, அரியலூரில் சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓட்டும் ஒரு முதலாளியின் ஆபீசில் கணக்கு பார்ப்பது. அப்பா அவரிடம் பல வருஷம் டிரைவராக இருந்தவர். அந்த உரிமையில் அவரே கேட்டு வாங்கி வைத்திருந்த வேலை. மற்றது, திருச்சியில் ஒரு ஆடிட்டர் ஆபீஸ். அங்கே சேர்ந்தால் சி.ஏ. படிக்கலாம். எனக்கு அதில்தான் உயிர். திங்கட்கிழமை சேர வேண்டும். அதற்குள் அரியலூருக்கு 'வேண்டாம்' சொல்லியாக வேண்டும், அதுவும் அப்பாவின் மரியாதை கெடாமல்.

"போன்லயே சொல்லிடறேம்பா" என்றேன்.

"சோறு போட்ட மனுசனுக்கு போன்லயா சொல்லுவ? நேர்ல போயி சொல்லிட்டு வருவோம்" என்றார் அப்பா.

"அது சரி, எந்நேரத்துல சொல்லப் போறீங்க?" என்று அம்மா அடுப்படியிலிருந்து கேட்டார். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

ராகு காலத்தில் சொன்னால் சொன்னது விளங்காது, நான் அரியலூரிலேயே உட்கார்ந்துவிடுவேன் என்பது அப்பாவின் கவலை. அம்மாவின் கவலை குளிகை. குளிகையில் எதைச் செய்தாலும் அது திரும்பத் திரும்ப நடக்குமாம். "அப்பறம் ஆயுசுக்கும் இவ வேண்டாம் வேண்டாம்னே சொல்லிக்கிட்டு கெடப்பா" என்றார். நான் பட்டதாரி, எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. (கிளம்பிய அன்று காலையில் முதல் ஆளாகப் போய் தினசரிக் காலண்டரை போனில் படம் எடுத்துக்கொண்டவள் மட்டும் நான்.) குளிகை பத்தரைக்கு முடிகிறது. அதற்கு மேல் சொன்னால் பழுதில்லை.

என்றைக்கும் தாமதமாக வரும் பஸ் அன்றைக்குப் பார்த்து சீக்கிரம் கொண்டுபோய் இறக்கிவிட்டது. ஆபீசுக்கு எதிரே டீக்கடையில் ஒளிந்து நின்றோம். அப்பா ஆறடி ஆள். அவரை மறைக்கிற மாதிரி அரியலூரில் டீக்கடை இல்லை.

"யாரு, வேலுவா? அங்க என்னய்யா நிக்கிற? பாப்பாவ கூட்டிட்டு உள்ள வா!" என்று முதலாளி வாசலிலிருந்து குரல் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை என்பதால் ஆபீசில் பூஜை. கம்ப்யூட்டருக்குச் சந்தனம், குங்குமம், ஒரு முழம் மல்லிகை. நான் வேலையில் சேரத்தான் வந்திருக்கிறேன் என்று முதலாளியே முடிவு செய்து, சூடத் தட்டை என் கையில் கொடுத்தார். நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா வாட்சைப் பார்த்து, இன்னும் ஆகவில்லை என்று தலையை ஆட்டினார். சூடம் காட்டினேன். டிரைவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். பிறகு நாற்காலியில் உட்காரவைத்தார்கள், உட்கார்ந்தேன். அன்றைய முதல் லோடை என் கையாலேயே கம்ப்யூட்டரில் ஏற்றச் சொன்னார்கள், ஏற்றினேன். கேசரி கொடுத்தார்கள், அதையும் விடவில்லை.

பத்தரை தாண்டியதும் அப்பா முதுகில் இடித்தார். வாய் நிறையக் கேசரியோடு எழுந்து, "சார், எனக்கு இந்த வேலை வேண்டாம்" என்றேன்.

பக்கத்தில் நின்ற கிளார்க் கேசரித் தட்டை என்னிடமிருந்து மெதுவாக நகர்த்தி வைத்தார்.

"ஏம்மா, இத வந்தவொடனே சொல்லியிருக்கலாமே?" என்றார் முதலாளி.

"அப்ப குளிகை சார்" என்று போனை நீட்டினேன்.

இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். "இது நேத்துத் தாளும்மா! இன்னிக்கு வெள்ளி. நீங்க வந்தப்ப நல்ல நேரமாத்தான் இருந்துச்சு. ராகு காலமே இப்பத்தான் ஆரம்பிச்சிருக்கு."

(எங்களை அனுப்புகிற அவசரத்தில் அம்மா தாளைக் கிழிக்கவில்லை. நான் தேதியைப் பார்க்கவில்லை. கணக்கு பார்க்கத் தேர்வானவள்!)

"மன்னிச்சுக்குங்க முதலாளி" என்றார் அப்பா. "புள்ள திருச்சியில படிக்கணும்னு ஆசப்படுது. உங்க மூஞ்சியப் பாத்து எப்படிச் சொல்றதுன்னு தெரியல. அதான் நேரம் காலம்னு இழுத்துக்கிட்டு கெடந்தோம்." அப்பா யார் முன்னாலும் அப்படித் தலைகுனிந்து நின்று நான் பார்த்ததில்லை. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. திருச்சியும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று ஆகிவிட்டது.

முதலாளி போனை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். பிறகு, "ராகு காலத்துல சொன்னது கணக்குல சேராது பாப்பா. பன்னெண்டு மணிக்கு மேல சொல்லு, கேட்டுக்கறேன். அதுவரைக்கும் ஏன் சும்மா உக்காந்திருக்க? மிச்ச லோடையும் ஏத்திரு" என்றார்.

ஏற்றினேன். பன்னிரண்டு மணியானதும் டிரைவர்கள் உட்பட மொத்த ஆபீசும் வேலையைப் போட்டுவிட்டு என்னைச் சுற்றி வந்து நின்றது. வாயைத் துடைத்துக்கொண்டு, முதலிலிருந்து சொன்னேன். கை தட்டினார்கள். முதலாளி அப்பாவின் தோளில் கை போட்டு, "பாப்பா ஆடிட்டர் ஆனா நம்ம கணக்க அதுதான் பாக்கணும்" என்றார். (இப்போது நான்தான் பார்க்கிறேன்.)

கதையை ஊரெல்லாம் பரப்பியது அப்பாதான். அதன் பலன், இன்றுவரை என் வீட்டில் நான் சொல்லும் 'வேண்டாம்' செல்லுபடி ஆவதில்லை. போன வாரம் என் கணவர் ஒரு நாய்க்குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். வேண்டவே வேண்டாம் என்று தொண்டை கிழியக் கத்தினேன். "பன்னெண்டு மணிக்கு மேல சொல்லு" என்று சொல்லிவிட்டு, அவர் அதற்குப் பால் ஊற்றப் போய்விட்டார்.